கீறிய கோட்டின் இரு கரைகள்

ஜூன் 3
தட்டு நிறைய ஏ549 என்ற புற்றுச் செல்கள். 1972-ல் ஒருவருடைய நுரையீரல் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த வம்சம், இன்னும் பெருகிக்கொண்டே இருக்கிறது. செல்கள் எவ்வளவு வேகமாக நகர்ந்து இடைவெளியை மூடுகின்றன என்று பார்க்க, பைப்பெட் முனையால் நடுவில் ஒரே இழுப்பாகக் கோடு கீறினேன். இரண்டாவது தட்டிலும் அப்படியே. அதில் மட்டும் எச்எஸ்பி27 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதத்தை முன்கூட்டியே குறைத்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 4
காலையில் வந்ததும் மைக்ரோஸ்கோப்புதான். முதல் தட்டில் விளிம்புச் செல் ஒன்று முன்பக்கத்தை விசிறி மாதிரி விரித்து, வாலைப் பின்னால் இழுத்துக்கொண்டு வெற்றிடத்துக்குள் இறங்கியிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தேன். அந்த விசிறியை விரிப்பவை ஆக்டின் என்ற புரதத்தால் ஆன இழைகள். செல்லுக்கு நெருக்கடி வந்தால் பி38 என்ற நொதி எம்கே2 என்ற இன்னொரு நொதியைத் தூண்டும். அது எச்எஸ்பி27-இல் பாஸ்பேட்டை ஒட்டும். அப்புறம் ஆக்டின் இழைகள் தடையில்லாமல் நீளும். இரண்டாவது தட்டில் கோடு இன்னும் அகலமாகவே இருக்கிறது. ஆனால் அங்கே செல்கள் மெதுவாக நகர்கின்றனவா, குறைவாகப் பெருகுகின்றனவா? மைட்டோமைசின் என்ற மருந்தைப் போட்டுப் பெருக்கத்தை நிறுத்திவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

ஜூன் 5
நாள் முழுக்க செல்களுக்கு வளர்ப்பு ஊடகம் மாற்றும் வேலை.

ஜூன் 8
1962-ல் ரிட்டோசா என்ற விஞ்ஞானி, சூடு அதிகமான பழ ஈக்களின் குரோமோசோம்களில் புதிய வீக்கங்களைக் கண்டார். வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது. சூட்டில் குலைந்த புரதங்களைத் தாங்கிப் பிடித்துச் சரியாக மடிய வைப்பது இவற்றின் வேலை. புற்றுச் செல்லுக்கோ ஆக்சிஜன் பஞ்சம், பசி, மருந்து என்று எந்நேரமும் நெருக்கடி. நம்மைக் காக்க வந்த புரதம் அதையும் காக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

சரி, இந்தப் புரதங்களை மருந்தால் அடைத்துவிட்டால்? எச்எஸ்பி90 என்ற இன்னொரு வெப்ப அதிர்ச்சிப் புரதத்தை நம்பித்தான், நுரையீரல் புற்றை வளர்க்கும் மாறுபட்ட ஈஜிஎஃப்ஆரும் ஏஎல்கே இணைவுப் புரதமும் நிற்கின்றன. எச்எஸ்பி90-ஐ அடைக்கும் கனெட்டெஸ்பிப் மருந்து, டோசிடாக்ஸல் என்ற புற்று மருந்தோடு சேர்த்தும் மூன்றாம் கட்டச் சோதனையில் நோயாளிகளின் ஆயுளைக் கூட்டவில்லை, 2015-ல் நிறுத்தினார்கள். எச்எஸ்பி90-ஐ அடைத்தால் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உண்டாக்கத் தூண்டும் எச்எஸ்எஃப்1 விழித்துக்கொண்டு, அதே வகையைச் சேர்ந்த எச்எஸ்பி70-ஐ ஏற்றிவிடுவது இந்த வகை மருந்துகளுக்கெல்லாம் உள்ள தொல்லை. ஒரு கதவைச் சாத்தினால் இன்னொன்று திறக்கிறது.

ஜூன் 12
மைட்டோமைசின் போட்ட தட்டிலும் எச்எஸ்பி27 குறைந்த செல்கள் பின்தங்கியே நிற்கின்றன. நுரையீரல் புற்று மூளைக்கும் எலும்புக்கும் போன பிறகுதான் பெரும்பாலும் உயிரைப் பறிக்கிறது. அதனால் இந்தத் தாமதம் எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. ஆனாலும் தட்டு வேறு, உடம்பு வேறு. நாளை ஜெல் பூசிய சவ்வில் விட்டு, துளைத்துக்கொண்டு போகின்றனவா என்று பார்க்கிறேன்.