வைவாவில் என்னை மடக்கிய இருபது ஓடுகள்

எம்.எஸ்ஸி. விலங்கியல் கடைசி செமஸ்டரில், காட்டுத்தீ நிலத்தாமைகளை என்ன செய்கிறது என்று புராஜெக்ட் எடுத்தேன். களத்துக்குப் போகக் கையில் காசில்லை. வெளிவந்த ஆய்வுகளைப் படித்துத் தொகுக்கிற வேலைதான். இதே பக்கம் வருகிறவர்களுக்கு நான் சறுக்கிய இடங்களைச் சொல்லிவைக்கிறேன்.

முதல் சறுக்கல் சொல்லிலேயே. நமக்குக் கடலில் நீந்துவதும் ஆமை, கிணற்றில் கிடப்பதும் ஆமை, புதருக்குள் நடப்பதும் ஆமை. எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோனேன். கைடு மேடம் பாதியை ஒதுக்கிவிட்டு, "தண்ணிக்குள்ள இறங்கித் தப்பிக்கிறதெல்லாம் வேற கதைப்பா" என்றார்.

அப்புறம் இரண்டே இடங்களை எடுத்துக்கொண்டேன். ஒன்று, அமெரிக்காவின் மொஜாவே பாலைவனம். 2004-05 குளிர்காலத்தில் நல்ல மழை. வெளியிலிருந்து வந்து பரவிய சிவப்பு புரோம் என்ற புல், புதர்களுக்கு நடுவே வெறும் மண்ணாகக் கிடந்த இடங்களை நிரப்பிவிட்டது. கோடையில் அது காய்ந்து நின்றபோது மின்னல் விழுந்தது. புதருக்குப் புதர் தாவ வழியில்லாமல் அணைந்துபோயிருக்க வேண்டிய தீ, புல்லைப் பிடித்துக்கொண்டு ஓடியது. இரண்டாவது, தென் பிரான்சின் மோர் சமவெளி. ஹெர்மன் ஆமை வாழும் இடம். 2021 ஆகஸ்ட் 16 அன்று கிளம்பிய தீ சுமார் 7,000 ஹெக்டேரை எரித்தது.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) கேட்ட முதல் கேள்வி: "தீ அணைஞ்ச மறுநாள் போய்த் தேடுறீங்க, இருபது ஓடு கிடைக்குது. அப்போ செத்தது இருபதா?" நான் ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். குஞ்சுகளின் மெல்லிய ஓடு கண்ணில் படுமா? வளைக்குள் செத்தது? ஓட்டின் மேல்தகடு உரிந்து எலும்பு வெளியே தெரிய, நடந்துபோய்ப் பின்னால் சாவது? இதையெல்லாம் என் ரிப்போர்ட்டிலேயே எழுதியிருந்தேன், வாய்க்கு வரவில்லை.

அடுத்து, "எரிந்த இடத்துக்கு ஆமை திரும்பிவந்தால் நல்லதுதானே?" இதற்குத் தயாராக இருந்தேன். தெற்கு நெவாடாவில் 2005 தீக்குப் பிறகு மொஜாவே ஆமைகளைப் பல ஆண்டு பின்தொடர்ந்திருக்கிறார்கள். எரிந்த பகுதிக்குள் மேயப் போயின. நிழலுக்கு எரியாத புதரைத் தேடின. மேய்ச்சலிலும் வில்லங்கம் உண்டு. சிவப்பு புரோமைத் தின்னக் கொடுத்துப் பார்த்த சோதனையில் இளம் ஆமைகள் மெலிந்தன, பல செத்தன. அதன் கூரான விதைகள் வாய்க்குள் குத்திக்கொண்டு நின்றன. தீயை வளர்த்த அதே புல்தான் எரிந்த நிலத்தில் முந்திக்கொண்டு முளைக்கிறது. இந்தச் சுழலைச் சொன்னபோதுதான் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

கடைசியில் நம்ம ஊர் நட்சத்திர ஆமைக்கு இது பொருந்துமா என்றார். மொஜாவே முடிவை அப்படியே ஒட்டவைக்கப் பார்த்து மாட்டிக்கொண்டேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஆமையின் பழக்கம் வேறு, மழைக்காலம் வேறு.

என்னைக் காப்பாற்றியது ஒரு தாள். பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டு, ஆமை நடமாடும் காலம், முட்டையிடும் காலம், ஒளியும் இடம் எல்லாம் குறித்து, மேலே சிவப்பு மையில் தீ வந்த தேதி. மொஜாவே ஆமை ஜூன் வெயிலுக்குப் பெரும்பாலும் ஆழமான வளைக்குள் இருக்கும். ஹெர்மன் ஆமை ஆகஸ்டில் புதரடியில், காய்ந்த சருகுக்குள் கிடக்கும். அதன் முட்டைகளோ மண்ணில் சில விரற்கடை ஆழத்தில், பொரிக்கிற தறுவாயில். அந்தத் தாளை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். என்னுடையதை எக்ஸ்டர்னல் கையோடு கொண்டுபோய்விட்டார்.