முதல் சூளை: 26 வைத்தேன், 15 எடுத்தேன்

இந்தப் பொங்கலுக்கு என் கையால் செய்த பானையில்தான் பால் பொங்கும் என்று கார்த்திகையிலேயே வீட்டில் சொல்லி வைத்துவிட்டேன். எல்லாம் அந்த வாயால் வந்த வினை.

ஒரு வருடமாக மண் பிசைகிறேன். மதுரையில் மாடிவீடு. செய்ததெல்லாம் சுடாமல் பச்சையாகவே அலமாரியில் அடுக்கியிருந்தது. ஒரு கிண்ணத்தில் மறந்துபோய்த் தண்ணீர் ஊற்றினேன், காலையில் சேறு. இனி சுட்டே ஆக வேண்டும் என்று திருப்புவனம் பக்கம் மாமியார் வீட்டுக் கொல்லையில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கினேன். "வைக்கப்போர்ப் பக்கம் மட்டும் போயிராத" என்றார் அத்தை.

இடிந்த மாட்டுத்தொழுவத்தின் பழைய செங்கல், கணக்காக 280. உள்ளே 3 அடி அகலத்தில் வட்டமாக, மூன்றரை அடி உயரத்துக்குச் சேறு வைத்துக் கட்டினோம். கீழே எதிரெதிராக இரண்டு அடுப்பு வாய். அதற்கு மேல் செங்கல்லைச் சந்து விட்டு அடுக்கி ஒரு தளம், பானைகள் அதன்மேல். உச்சி திறந்திருக்கும், உடைந்த ஓடுகளால் மூடிக்கொள்ளலாம். தீ கீழிருந்து மேலே ஏறிப் போகும், அவ்வளவுதான் தத்துவம். கட்ட இரண்டு நாள், காய ஒரு வாரம்.

துணைக்கு அத்தைக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் வந்தார். மானாமதுரையில் ஆயுசு முழுக்கப் பானை வனைந்தவர். 2023-இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே என்று பேச்சுக்கொடுத்தேன். "நல்லதுதான் தாயி. விறகு விலை இறங்கலையே" என்றார்.

என் பானைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அது எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பொங்கல் பானையை மட்டும் இரண்டு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, "மார்கழிப் பனி. இன்னும் ஒரு வாரம் கெடக்கட்டும்" என்றார். பொங்கலுக்கே ஒரு வாரம்தான் இருந்தது. நிழலில் 12 நாள் காய்ந்துவிட்டது ஐயா, போதும் என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி. மொத்தம் 26 உருப்படி. கனமானவை அடியில், விளக்கும் குவளையும் மேலே. சூளைச் சூட்டைக் கம்பி வழியாக அளக்கும் கே டைப் வெப்பமானி ஒன்றை ஆன்லைனில் வாங்கியிருந்தேன், அதன் கம்பியைச் சுவர்ச் சந்தில் நுழைத்து வைத்தேன். பெரியவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வரட்டியும் ஒரு தென்னை மட்டையும் வைத்து, தீ என்று சொல்ல முடியாத ஒரு புகையை மூட்டினார். இரண்டரை மணி நேரமாக அதே புகைதான். மீட்டரில் 95.

இடையிடையே உச்சித் துளைக்கு மேலே ஓர் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் பிடித்தார். தட்டு வியர்த்தது. "இன்னும் தண்ணி இருக்கு" என்று துடைத்து வைத்தார். என்னுடைய மீட்டர் சொல்லாததை அந்தத் தட்டு சொன்னது. நான்தான் காதில் வாங்கவில்லை.

ஒன்பதரைக்கு அவர் சாப்பிடப் போனார். நான் நல்ல காய்ந்த சீமைக்கருவேல விறகு நாலு வைத்தேன். அந்த விறகு எப்படிப் பிடிக்கும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 25 நிமிடத்தில் 95 என்பது 210 ஆனது. எனக்கு ஒரே சந்தோஷம். அப்போதுதான் முதல் 'டப்'.

வெடி மாதிரிக் கூர்மையான சத்தம் இல்லை அது. மூடிய அறைக்குள் தேங்காய் உடைத்தது போல அமுங்கிக் கேட்டது. அப்புறம் ஓடுகள் சரியும் சலசலப்பு. மறுபடி டப். மண்ணுக்குள் இருக்கும் ஈரம் நூறு டிகிரி தாண்டினால் ஆவியாகிப் பல நூறு மடங்கு விரியும். மெதுவாகப் போனால் துளைகள் வழியே வெளியேறிவிடும், அவசரப்படுத்தினால் சுவரைப் பிய்த்துக்கொண்டு வரும். இதை நான் படித்திருந்தேன், நோட்டில் எழுதிக்கூட வைத்திருந்தேன்! பெரியவர் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்து, இரண்டு விறகை வெளியே இழுத்துப் போட்டு மண்ணைத் தள்ளி அணைத்தார். திட்டவில்லை. "எத்தனை?" என்று மட்டும் கேட்டார். ஏழு வரை எண்ணியிருந்தேன்.

அதற்குப் பிறகு விறகை நான் தொடவில்லை. மதியம் தட்டு வியர்க்காமல் ஆன பிறகுதான் தீயைக் கூட்டினார். 573 டிகிரியில் மண்ணுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் என்ற படிகக்கல் மணிகள் சட்டென்று கொஞ்சம் விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அந்த இடத்தை மெதுவாகத்தான் கடக்க வேண்டும் என்று சொன்னேன். "அதான் சாயங்காலத் தீ" என்றார். அவருக்கு எண் தேவைப்படவில்லை.

இருட்டிய பிறகு பார்த்ததைச் சரியாக எழுத முடியுமா தெரியவில்லை. சுவர்ச் சந்தில் கண்ணை வைத்தால் ஆறரை மணிக்கு மங்கலான சிவப்பு, பானைகள் கருப்பாக நிழல் மாதிரித் தெரிந்தன. எட்டரைக்கு நிழல் போய்விட்டது. பானையும் நெருப்பும் ஒரே ஆரஞ்சு நிறம், எது விளிம்பு எது தீ என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. குவளையின் காது மட்டும் ஒரு நொடி தெரிந்து மறைந்தது. மீட்டரில் 860. "போதும், வெந்திருச்சு" என்று இரண்டு வாயையும் சேறு வைத்து அடைத்தார். செவ்வாய்க்கிழமை வரை யாரும் தொடக் கூடாது என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும்.

செவ்வாய் காலை திறந்தபோது 8 தூள், 3 விரிசல், 15 முழுசு. பொங்கல் பானை தூளில் இருந்தது. அடி கிட்டத்தட்ட ஒன்றரை விரல் கனம், ஈரம் அங்கேதான் ஒளிந்திருந்திருக்கிறது. உடைந்த பானை ஓடுகளுக்குக்கூட நல்ல செந்நிறம், அது வேறு எரிச்சல். 10 சென்டிமீட்டருக்குக் கோடு கிழித்து வைத்த சில்லு ஒன்று 9.1 ஆகியிருந்தது. மண் அவ்வளவு சுருங்குகிறது, அதனால் மூடிகளை இனி பானையோடு சேர்த்தே செய்து சேர்த்தே சுட வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று மட்டும் நினைத்தபடி வந்தது. கீழடி இங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே கிடைத்த கருப்பு-சிவப்புப் பானை போல ஒன்று செய்து பார்க்க ஆசை. சின்னக் கிண்ணம் ஒன்றை வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, உள்ளே உமியை அடைத்து, மணல் பரப்பிய சட்டியில் கவிழ்த்து வைத்திருந்தேன். வெளியே காற்று பட்டு மண்ணில் இருக்கும் இரும்பு சிவக்கும், உள்ளே காற்றில்லாமல் உமி கருகிக் கரி படியும். அப்படியே வந்திருந்தது. உள்பக்கமும் வாய் விளிம்பும் கருப்பு, வெளியே சிவப்பு. ஒரு பக்கம் மணல் விலகிய இடத்தில் சாம்பல் நிறத் திட்டு. பெரியவர் அதை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "இத எதுக்குத் தாயி கருக்குன?" என்றார்.

பொங்கலுக்கு அவரிடமே ஒரு பானை வாங்கினோம். நன்றாகவே பொங்கியது.

பத்து நாள் கழித்து இன்னொன்று. முழுசாக வந்த விளக்கு ஒன்றிலிருந்து நகம் அளவுக்கு ஒரு செதில் தானாகத் தெறித்து விழுந்தது. குழியின் நடுவில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. கண்மாய் மண்ணில் இருந்த சுண்ணாம்புக்கல் துணுக்கு. சூட்டில் நீறி, பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதிவிடும். மறுநாள் ஒரு குவளையிலும் அதே கதை. அடுத்த தடவை மண்ணைக் கரைத்துச் சல்லடையில் வடிகட்டியே ஆக வேண்டும். மாவுச் சல்லடைதான் சரியான கண். அத்தையிடம் கேட்டேன். புதுசு வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.