வியர்க்காத குதிரை

எங்கள் வீராவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது நுரையீரலில்தான் ஏதோ கோளாறு என்று லாயத்தில் எல்லோருமே நினைத்தோம். வீரா பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட், அதாவது பந்தயக் குதிரை இனம், காயடித்த ஆண் குதிரை, சின்ன வயதிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவன். கோலாலம்பூருக்கு வெளியே உலு லங்காட் பக்கம் ஒரு லாயத்தில் வைத்திருக்கிறோம். குணத்தில் தங்கம். அப்படிப்பட்டவன் கொஞ்ச நேரம் மெதுவாக ஓடினாலே மூக்குத் துவாரம் விரிந்து, விலா இரண்டும் ஏறி இறங்கி, ஓட்டத்தை நிறுத்திய பிறகும் வெகுநேரம் அடங்காமல் இரைத்துக்கொண்டு நிற்பான். இருமல் இல்லை, சளி இல்லை, தீனியும் குறையவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருப்பான், மத்தியானம் லாயத்தில் சும்மா நிற்கும்போதே மூச்சு ஏறும்.

முதலில் வந்த மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு ஆன்டிபயாடிக் ஊசி போட்டார். மாற்றமே இல்லை. அப்புறம் உடம்புச் சூட்டை எடுத்துப் பார்த்ததில்தான் குழப்பம் கூடியது, விடியற்காலையில் 38 டிகிரிக்கு உள்ளே, பிற்பகலில் 39-ஐத் தாண்டும். குதிரைக்கு 37.5 முதல் 38.5 வரை சாதாரணம். இப்படிக் காய்ச்சல் வந்து வந்து போனால் இந்த நாட்டில் உடனே சுராவைத்தான் சந்தேகிப்பார்கள், குதிரையைக் கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் ரத்த ஒட்டுண்ணி நோய் அது. ரத்தம் எடுத்து அனுப்பினோம். சுரா இல்லை, உண்ணிக் காய்ச்சல் இல்லை, ரத்தசோகையும் இல்லை. மூக்கு வழியாகக் குழாய் கேமரா விட்டுப் பார்த்ததில் தொண்டையும் மூச்சுக்குழாயும் சுத்தமாக இருந்தன. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தாள் சொல்கிறது, எதிரே குதிரை இரைத்துக்கொண்டு நிற்கிறது, அந்த நாட்களில் எனக்கு ராத்திரி சரியாகத் தூக்கமே வரவில்லை.

தெரிந்தவர்கள் மூலமாகக் குதிரைகளையே பார்க்கும் இன்னொரு மருத்துவரைப் பிடித்தோம். அந்த அம்மா போனிலேயே கேட்ட முதல் கேள்வி, சேணத்தைக் கழற்றியதும் அடியில் நனைந்திருக்கிறதா என்பது. வீராவைப் பராமரிக்கும் குதிரைக்காரரை இங்கே சைஸ் என்போம், எங்கள் சைஸ் அண்ணனிடம் போனைக் கொடுத்தேன். அவருடைய அப்பாவும் சைஸ்தான், இப்போது கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரம் இருக்கிற கே.எல்.சி.சி. நிற்கிற இடத்தில் குதிரைப் பந்தயத் திடல் இருந்த காலத்தில் அங்கே வேலை செய்தவர். அண்ணன் யோசிக்கவே இல்லை. “பிடரி மயிருக்கு அடியில மட்டும் கொஞ்சம் ஈரம் இருக்கும் டாக்டர், மத்தபடி காய்ஞ்சுதான் கெடக்கும். மத்த குதிரைக்கெல்லாம் சேணத்துக்கு அடியில நுரை தள்ளும், இவனுக்குத் தேய்ச்சா பொடுகுதான் கொட்டுது” என்றார். கண்ணைச் சுற்றி முடி உதிர்வதையும் சொன்னார், அதை நாங்கள் ஏதோ பூஞ்சை என்று மருந்து தடவிக்கொண்டிருந்தோம்.

டாக்டர் வேண்டுமென்றேதான் வெயில் நேரத்தில் வந்தார். முதலில் சூடு, நாடி, மூச்சு எல்லாம் குறித்துக்கொண்டு, நீளக் கயிற்றில் வட்டமாகக் கொஞ்சம் ஓடவிட்டார். நிறுத்தியபோது சூடு 40-ஐத் தாண்டியிருந்தது, மூச்சு நிமிடத்துக்கு நூறுக்கும் மேல். சும்மா நிற்கும் குதிரைக்குப் பதினைந்து வாக்கில்தான் இருக்கும். நான் தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதிக்கிறது, ஆனால் தோலில் ஒரு சொட்டு இல்லை.

உடனே குழாயைத் திறந்து குளிர்ந்த தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றச் சொன்னார். சூடான குதிரைமேல் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று இங்கே பலர் சொல்வார்கள், அது உண்மையில்லை, பயப்படாமல் ஊற்றுங்கள் என்றார். அவன் நன்றாக ஆறிய பிறகுதான் வியர்வைச் சோதனை. டெர்பியூட்டலின் என்று ஒரு மருந்து, மனிதர்களுக்கு ஆஸ்துமாவுக்குக் கொடுப்பது. அதைப் பல அளவுகளில் நீர்க்கவைத்துக் கழுத்துத் தோலுக்குள்ளேயே சின்னச் சின்ன ஊசியாக வரிசையாகப் போடுகிறார்கள். சரியாக இருக்கும் குதிரைக்கு மிகவும் நீர்த்த மருந்துக்கே அந்த இடத்தில் வியர்வை துளிர்த்துவிடும். வீராவுக்கு அரை மணி நேரம் காத்திருந்தும் ஆகக் கெட்டியான ஊசி போட்ட இடத்தில் மட்டும் லேசாக ஈரம் கண்டது.

அன்ஹைட்ரோசிஸ், அதாவது வியர்வை சரியாகச் சுரக்காத கோளாறு என்றார். சைஸ் அண்ணன் “டிரை கோட்தானே டாக்டர், பந்தயக் குதிரைங்களுக்கு நிறைய பாத்திருக்கேன்” என்றார். டாக்டர் பொறுமையாக விளக்கினார். குதிரை தன் உடம்புச் சூட்டில் பெரும்பகுதியை வியர்வையால்தான் வெளியேற்றுகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்தாலும் காய்வதில்லை, இரவிலும் வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம், அதனால் வியர்க்கச் சொல்லி உடம்பு ஓயாமல் உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கிறது. நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளை காதில் வாங்காமல் போவதைப் போல, வியர்வைச் சுரப்பிகள் அந்த உத்தரவைக் கேட்பதையே விட்டுவிடுகின்றன. குளிர்நாட்டிலிருந்து வந்தவைக்கு மட்டும்தானா என்று கேட்டேன். இல்லையாம், இங்கேயே பிறந்து வளர்ந்த குதிரைக்கும் வரும்.

இதற்கென்று நிச்சயமாகக் குணப்படுத்தும் மருந்து எதுவும் கிடையாது. கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் அதை நேராகச் சொன்னதற்காகவே அந்த டாக்டர்மேல் மரியாதை கூடியது. தினமும் கின்னஸ் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர் கொடுத்தால் வியர்க்கும் என்று லாயத்தில் ஒரு பேச்சு உண்டு, அண்ணனும் அதைக் கேட்டார். பலரும் கொடுக்கிறார்கள், பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை, அந்தப் பணத்துக்கு நல்ல ஃபேன் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார். நாங்கள் அப்படியே செய்தோம். பெரிய ஃபேன் ஒன்று, தண்ணீரைப் புகையாகத் தெளிக்கும் குழாய், தீனியில் உப்பும் எலக்ட்ரோலைட் பொடியும். பகல் முழுக்க நிழலில், இரவில்தான் வெளியே மேய்ச்சல். முதலில் வேலையை அடியோடு நிறுத்தி ஓய்வு, சுரப்பிகளுக்கும் அந்த ஓய்வு தேவை என்றார். பிறகு சூரியன் எழும் முன்பே, காலை ஆறரைக்கெல்லாம் மெதுவாக நடைச் சவாரி, முடிந்ததும் கட்டாயம் தெர்மாமீட்டர்.

ஓய்வு கொடுத்துச் சில வாரங்களில் காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் ஈரம் தெரிய ஆரம்பித்தது. அண்ணன் போட்டோ எடுத்து அனுப்பினார், வேலை நேரத்தில் அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. விலாவும் முதுகும் இன்னும் காய்ந்துதான் இருக்கின்றன, ஆனால் மத்தியான மூச்சு நன்றாகவே குறைந்துவிட்டது, கண்ணைச் சுற்றி முடியும் முளைக்கிறது. தடை தாண்டும் பயிற்சியை விட்டுவிட்டோம்.

உங்கள் குதிரைக்கும் இப்படி இருந்தால், டாக்டர் வருவதற்குள் காலை, மத்தியானம், வேலைக்குப் பிறகு என்று சூட்டையும் மூச்சையும் குறித்து வையுங்கள், இரைப்பதை வீடியோ எடுங்கள், சேணத்தைக் கழற்றியதும் முதுகையும் ஒரு போட்டோ எடுங்கள், தினமும் தேய்த்துவிடுகிறவரையும் டாக்டர் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். எங்களுக்கு வருடக் கடைசி மழைக்காலத்தில் மறுபடியும் வியர்வைச் சோதனை இருக்கிறது. அப்போதும் சரியாகவில்லை என்றால் கேமரன் மலைக்கு அனுப்புவதைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார், குளிரான இடத்துக்குப் போனால் பல குதிரைகளுக்கு வியர்வை திரும்பிவிடுமாம், ஆனால் கீழே இறங்கி வந்தால் மறுபடியும் நின்றுபோகவும் கூடும். அனுப்பினால் அங்கேயே விட்டுவிட வேண்டியிருக்கும், அதை வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.