மூன்றாவது முயற்சியில் தெளிந்த 1996

தக்கை முழுதாக வெளியே வந்துவிட்டது! முப்பது வயதை ஒட்டிய போர்தோ (பிரான்சின் ஒயின் பகுதி) ஒயின் புட்டியின் தக்கை, ஒரு துணுக்குக்கூட உதிராமல் என் மேசைமேல் கிடக்கிறது. இதற்கு முன் ஏறக்குறைய இதே வயதுடைய இரண்டு புட்டிகளில் தோற்றேன். முதலாவதில் திருகாணி தக்கையின் நடுவைக் குடைந்துகொண்டு வெறும் தூளோடு மேலே வந்தது. இரண்டாவதில் பாதித் தக்கை உள்ளே விழுந்தது. அதை எடுக்கப் புட்டியைச் சாய்த்ததும் வண்டல் முழுவதும் கலங்கிவிட்டது. அன்று குறிப்பேட்டில் "துவர்ப்பு முரடு, இன்னும் பத்தாண்டு வைக்க வேண்டும்" என்று எழுதினேன். அந்த வரியை இன்று அடித்துவிட்டேன். நான் அன்று சுவைத்தது வண்டலைத்தான்.

இம்முறை திறந்தது ஷாத்தோ லெயோவில் பார்த்தோன் என்ற தோட்டத்தின் 1996ஆம் ஆண்டு ஒயின். போர்தோவின் மெடோக் பகுதியிலுள்ள சான் ஜூலியன் ஊரின் திராட்சை. மெடோக் தோட்டங்களைத் தரம் பிரித்த 1855 தரவரிசையில் இரண்டாம் நிலை. 1826 முதல் பார்த்தோன் குடும்பத்தின் கையில் இருக்கும் இந்தத் தோட்டத்துக்குத் தனி மாளிகை கிடையாது, அதே குடும்பத்தின் பக்கத்துத் தோட்டமான லாங்கோவாவில்தான் ஒயின் தயாராகிறது.

தக்கைக்கு வருகிறேன். இரண்டு மெல்லிய தகடுகளால் தக்கையைப் பிடித்து எடுக்கும் 'பிலாம்' கருவியை மட்டும் நம்பாதீர்கள். இறுகிய தக்கைக்கு அது அருமையான கருவி. ஆனால் வயதாகி நனைந்து தளர்ந்த தக்கையை அதுவே உள்ளே தள்ளிவிடும். திருகாணியும் தகடுகளும் சேர்ந்த கருவியை, விலைக்குப் பயந்து ஆறு மாதம் தள்ளிப்போட்டபின் வாங்கினேன். முதலில் திருகாணியை நேர் நடுவில் மெதுவாக இறக்க வேண்டும். அது இழுப்பதற்கல்ல, தக்கை கீழே நழுவாமல் பிடித்துக்கொள்வதற்கு. பிறகு நீளமான தகட்டைக் கண்ணாடிக்கும் தக்கைக்கும் இடையில் நுழைத்து, குட்டைத் தகட்டை எதிர்ப்புறம் வைத்து, ஏற்றப்பலகைபோல் இப்படியும் அப்படியும் அசைத்து இறக்க வேண்டும். அழுத்தவே கூடாது. தகடுகள் முழுதும் இறங்கியபின் திருகியபடியே மேலே தூக்க வேண்டும். எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. பாதி வழியில் ஒரு மெல்லிய முனகல் கேட்டது, அங்கே நிறுத்தி மூச்சுவிட்டுத் தொடர்ந்தேன்.

மூன்று நாள் நிற்கவைத்திருந்த புட்டி என்பதால் வண்டல் அடியில் படிந்திருந்தது. கழுத்துக்குக் கீழே கைவிளக்கை வைத்து ஒரே சீராக டிகாண்டரில் (வண்டலைப் பிரித்து ஒயினை ஊற்றிவைக்கும் கண்ணாடிக் குடுவை) ஊற்றினேன். தோள்பகுதியில் கரும்புகைபோல் ஓர் இழை தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். இரண்டு விரல் அளவு புட்டியிலேயே தங்கியது. அந்த இழப்புக்காக வருந்த வேண்டாம்.

கிண்ணத்தில் நடுவே மாதுளைச் சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறம். முதல் பத்து நிமிடம் மணம் வாய் திறக்கவில்லை. பிறகு தேவதாரு, சீவிய பென்சில், உலர்ந்த காசிஸ் (கருந்திராட்சை போன்ற சிறு பழம்), மழை நின்றபின் மிதிபடும் சருகு. 1996இல் மெர்லோ வகைத் திராட்சையைப் பறிக்கும் வேளையில் மழை பெய்தது. பின்னர் வானம் தெளிந்து, தாமதமாகப் பறிக்கும் காபெர்னே சோவினியோன் வகை நன்றாகப் பழுத்தது. மெடோக் பகுதி அந்த ஆண்டு தலைநிமிர்ந்தது அதனால்தான். இந்தக் கலவையிலும் முதுகெலும்பாக நிற்பது காபெர்னேதான், மெர்லோ சற்றே சதைப்பிடிப்பு தருகிறது.

துவர்ப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இளம் காபெர்னே கொட்டைப்பாக்கைக் கடித்ததுபோல் ஈறுகளைப் பிடித்து இழுக்கும். ஆண்டுகள் போகப் போக, துவர்ப்பைத் தரும் டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, நிறமிகளோடு வண்டலாக இறங்கிவிடும். எஞ்சியிருப்பது நன்றாகக் கனிந்த நாவல்பழத்தின் துவர்ப்பு: நாக்கில் படியும், ஆனால் உரசாது. விழுங்கியபின் நெல்லிக்காய்க்குப் பின் தண்ணீர் குடித்ததுபோல் ஓர் இனிமை ஊறி வந்தது. நாற்பது வரை எண்ணினேன், அதற்குப் பிறகும் இருந்தது.

அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி என்று இடைவெளிவிட்டுச் சுவைத்தேன். ஒரு மணிக்குள் பழச்சுவை வடிந்துவிட்டால் மீதிப் புட்டிகளை உடனே குடித்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. இது இரண்டாம் மணியில்தான் உச்சம் தொட்டது. என் கீழறையில் இன்னும் இரண்டு இருக்கின்றன; பத்தாண்டு தாங்கும் என்று துணிந்து சொல்வேன்.

வாங்கும்போது ஒயின் மட்டத்தைப் பாருங்கள். இந்த வயதில் கழுத்துவரை நின்றால் மகிழ்ச்சி, தோளின் நடுவுக்குக் கீழே இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். நான் தோற்ற இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை. பிறகு போய்ப் பார்த்தபோது பழைய புட்டிகளை வெளிச்சம் படும் அலமாரியில் நிற்கவைத்திருந்தார்கள். கோபம் இன்னும் தீரவில்லை. இப்போது ஏலத்தில் மட்டுமே வாங்குகிறேன்.

நான்கு மணிக் குறிப்பை இன்னும் விரிவாக எழுதவில்லை, அதற்குள் மனம் 2005ஆம் ஆண்டு ஒயினுக்குத் தாவிவிட்டது. அதன் துவர்ப்பு இறுக்கமானது. அரைப்புட்டி ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். சிறிய புட்டியில் முதிர்ச்சி விரைவாக வரும் என்பதால் பெரியதைத் திறக்காமலே போக்கு தெரிந்துவிடும். டிகாண்டரில் ஒரு கிண்ணம் அளவு மிச்சம் இருக்கிறது. நாளைக் காலை அதை மோந்து பார்த்தபின் இந்தக் குறிப்பை முடிக்கிறேன்.