நீல இன்ஹேலரும் பழைய சீட்டும்

கோத்தகிரியில் மருந்துக் கடை கவுண்டரில் நிற்கத் தொடங்கிய புதிதில், சீட்டு கேட்பது சட்டத்துக்குப் பயந்து செய்கிற வேலை என்றுதான் நினைத்தேன். இழுப்புக்கு வாயில் அடித்துக்கொள்ளும் நீல நிற சால்புடமால் இன்ஹேலர் ஷெட்யூல் எச் மருந்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சரி. ஆனால் மார்கழிக் குளிரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பவரிடம் அதை எப்படிச் சொல்வது?

எஸ்டேட்டில் இலை பறிக்கும் ஓர் அக்கா. "தம்பி, அந்த நீல பஃப் ஒண்ணு குடு" என்று மடிப்பில் கிழிந்த பழைய சீட்டை நீட்டுவார். மறுபடியும் கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தால்தான் அதே சீட்டுக்கு இன்னொரு முறை கொடுக்க முடியும். அதில் அப்படி எதுவும் இல்லை. இருந்தும் கொடுத்தேன். பாவம் பார்த்ததாக நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது இன்ஹேலருக்கு அவர் வந்தபோதுதான் கணக்குப் போட்டேன். ஒரு இன்ஹேலரில் 200 தடவை மருந்து வரும். இரண்டு மாதத்தில் இரண்டு தீர்ந்திருந்தன. நாளுக்கு ஆறேழு தடவை! வருடத்துக்கு மூன்று ஆனாலே கடுமையான இழுப்பு வரும் அபாயம் கூடும். நீல இன்ஹேலர் சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில மணி நேரம் விரித்துவிடும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கம் அப்படியே இருக்கும். அதைக் குறைக்க ஸ்டீராய்டு இன்ஹேலர் வேண்டும், அதை மருத்துவர்தான் பார்த்து எழுத வேண்டும். நான் காட்டிய இரக்கம் அவரை மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்திருக்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

டாக்டரைப் பார்க்கச் சொன்னதற்கு, "ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னிக்குக் கூலி போச்சே தம்பி" என்றார். நியாயமான பேச்சு. ஒரு நாள் கூலி எனக்கும் தெரியும். அன்று அவரால் தடையில்லாமல் பேச முடிந்தது. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கியிருந்தால் சீட்டுப் பேச்சே எடுத்திருக்க மாட்டேன், 108-ஐக் கூப்பிட்டிருப்பேன். வாங்கிய தேதிகளை ஒரு தாளில் எழுதி, "இதை டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா, நீங்க எதுவும் சொல்லவே வேண்டாம்" என்று கொடுத்தேன்.

மறுநாளே அரசு ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தார். தேதி, கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருந்தன. புதிதாக புடசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் ஒன்று, காலையும் மாலையும். மூச்சை உள்ளே இழுத்துப் பத்து எண்ணும்வரை அடக்கச் சொல்லி, அடித்த பிறகு ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்கச் சொல்லிக் கொடுத்தேன். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் படலம் வரும்.

அப்புறம் நீல இன்ஹேலருக்கு அவர் வந்தது சித்திரையில். புதுச் சீட்டோடு.