கம்பி போடுவதற்கு முந்தைய நான்கு வாரங்கள்

பிள்ளைக்குப் பல்லில் கம்பி போடுவது என்று முடிவானதும் வீட்டில் பேச்சு இரண்டு விஷயங்களைத்தான் சுற்றும்: எவ்வளவு செலவு, எத்தனை மாதம். பிள்ளையின் மனதில் ஓடுவது வேறு. ஊசி போடுவார்களா, ஸ்கூலில் கிண்டல் செய்வார்களா, முறுக்கு சாப்பிடலாமா. சிகிச்சை பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஓடும். இடையில் வரும் தொல்லைகளில் பல, கம்பி ஏறுவதற்கு முன்பே நாம் செய்யாமல் விட்ட வேலைகளால் வருபவை.

முதல் வேலை பிரஷ். கம்பி போட்ட பிறகு பழக்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பிராக்கெட்டை, அதாவது கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு கட்டையைச் சுற்றி அழுக்கு படிந்தே இருந்தால், நான்கே வாரத்தில் பல்லின் மேற்பூச்சான எனாமலில் சுண்ணாம்பு நிறத்தில் வெள்ளைத் திட்டு தெரிய ஆரம்பிக்கலாம். கம்பியைக் கழற்றிய பிறகு பல் வரிசையாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு பல்லிலும் சதுரமாக ஒரு தடம் நிற்கும். ஈறில் ரத்தம் கசிகிற பிள்ளைக்குக் கம்பி போட நல்ல டாக்டர்கள் தயங்குவதும் இதனால்தான்.

ஆகவே நான்கு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். காலையிலும் இரவு படுக்கும் முன்பும் இரண்டு இரண்டு நிமிடம், ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், பட்டாணி அளவு போதும். பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன அசைவாகத் தேய்க்க வேண்டும். கம்பி வந்த பிறகு இதே அசைவை பிராக்கெட்டுக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை என்று பிரித்துச் செய்தால் போதும். நடுவில் பள்ளமாக வெட்டிய, கம்பி போட்டவர்களுக்கான ஆர்த்தோ பிரஷ்ஷும், கம்பிக்கு அடியில் நுழையும் குட்டிப் பிரஷ்ஷும் முன்பே வாங்கி வைத்து, பிள்ளை கையில் கொடுத்துப் பழக்குங்கள். பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாய் நிறையத் தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளிக்கும் பழக்கமும் இந்த நான்கு வாரத்திலேயே வந்துவிட வேண்டும்.

அதே சமயத்தில் பல் டாக்டரிடம் முடிக்க வேண்டியவை: சொத்தைப் பல் அடைப்பு, பல் சுத்தம், முழுத் தாடை எக்ஸ்ரே, பக்கவாட்டு எக்ஸ்ரே, பல் அச்சு. அச்சு எடுக்கும்போது சில பிள்ளைகளுக்குக் குமட்டும். இரண்டு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடாமல் கூட்டிப் போங்கள். தலையைச் சற்று முன்னால் குனிந்து, மூக்கால் மூச்சு விட்டு, கால் விரல்களை ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். ஓரிரு நிமிடத்தில் அந்த மாவு இறுகிவிடும்.

டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு. இதயக் கோளாறு, வலிப்புக்கு மாத்திரை, ஆஸ்துமா எல்லாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிற பிள்ளையா? அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். முதலில் போடும் மெல்லிய கம்பி பெரும்பாலும் நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. வாய்க்குள் ஒவ்வாமை வருவது அபூர்வம்தான், ஆனாலும் முன்கூட்டியே தெரிந்தால் வேறு கம்பி தேர்ந்தெடுக்க முடியும். தருமபுரி போல நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள பகுதியில் வளர்ந்து, பல்லில் பழுப்புக் கறை உள்ள பிள்ளைக்குப் பசை பிடிப்பது கொஞ்சம் கடினம். பிராக்கெட் ஓரிரு முறை கழன்றால் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

கடைவாய்ப் பல்லில் உலோக வளையம் மாட்டுவதாக இருந்தால், சில நாள் முன்னால் பற்களுக்கு நடுவே சிறு ரப்பர் வளையங்களைச் செருகுவார்கள். மாம்பழ நார் சிக்கிக்கொண்ட மாதிரி ஓர் உறுத்தல் இருக்கும். நாக்கால் நோண்டக் கூடாது, அந்த இடத்தில் நூல் விட்டுச் சுத்தம் செய்யக் கூடாது, பபிள்கம் கூடாது. ஒன்று விழுந்துவிட்டால் போன் செய்து சொல்லுங்கள், இல்லையென்றால் இடைவெளி மூடிக்கொண்டு உலோக வளையம் ஏறாது.

பல் நெருக்கம் அதிகமாக இருந்தால் முன்கடைவாய்ப் பற்களை எடுக்கச் சொல்வார்கள். ஊசி வருவது இங்கேதான். கம்பி ஒட்டுவதற்கு ஊசி கிடையாது. இந்த இரண்டையும் பிள்ளையிடம் தனித்தனியாகச் சொல்லுங்கள். “வலிக்கவே வலிக்காது” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். “போடும்போது வலிக்காது, சில மணி நேரம் கழித்துக் கடிக்கும்போது வலிக்கும், மூன்று நாளில் குறையும்” என்பதுதான் உண்மை. அதைக் கேட்டுக்கொண்டு போகிற பிள்ளை, வலி வரும்போது பயப்படுவதில்லை. அப்பா அம்மா சொன்னபடியே நடக்கிறது என்று பொறுத்துக்கொள்ளும்.

அன்று நாற்காலியில் நடப்பதை வரிசையாகச் சொல்லி வையுங்கள். கன்னத்தை விலக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைப்பார்கள். பல்லைத் தேய்த்துவிட்டு, நீல நிற ஜெல் தடவி அரை நிமிடம் போல விடுவார்கள். அது அமிலம், நாக்கில் பட்டால் புளிக்கும். கழுவி, காற்றடித்துக் காய வைத்து, ஒவ்வொரு பல்லிலும் பசையோடு பிராக்கெட்டை வைத்து நீல விளக்கைக் காட்டி இறுக வைப்பார்கள். இந்த நேரத்தில் எச்சில் பட்டால் பசை பிடிக்காது, அதனால்தான் “ஆடாதே, வாயை மூடாதே” என்கிறார்கள். பிறகு கம்பியை நுழைத்து, குட்டி ரப்பர் வளையங்களால் கட்டுவார்கள். எல்லாம் சேர்த்து ஒன்று முதல் இரண்டு மணி நேரம். வாய் திறந்தே இருப்பதால் மூக்கால்தான் மூச்சு விட வேண்டும். சளி பிடித்திருந்தால் நாளைத் தள்ளிப் போடுங்கள்.

ரப்பர் வளையத்தின் நிறத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. ஆனால் வெள்ளையும் நிறமற்றதும் வேண்டாம். நம் சாம்பாரின் மஞ்சள் ஓரிரு நாளிலேயே அதில் ஏறிவிடும், அடுத்த முறை மாற்றும் வரை பல்லே மஞ்சளாகத் தெரியும். கருநீலம், சாம்பல் நிறம் தாங்கும்.

எந்தக் கிழமை என்பதையும் யோசியுங்கள். வலி நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் ஆரம்பித்து, சுமார் 24 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். வெள்ளிக்கிழமை மாலை போட்டால் உச்சம் சனிக்கிழமை, பள்ளி விடுமுறையில் போய்விடும். கம்பி எங்காவது குத்தினாலும் அன்று கிளினிக் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். பரீட்சைக்கு முந்தைய வாரமும், பலகாரம் சுடும் தீபாவளி வாரமும் வேண்டாம்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வீதம், 30 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 300 முதல் 450 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவே ஆறு மணி நேரம் விடுங்கள், நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. வீடு திரும்பியதும், வலி தொடங்கும் முன்பே முதல் வேளையைக் கொடுப்பது நல்லது. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. குளிர்ந்த தண்ணீரோ ஐஸ்கிரீமோ கூட உதவும். ஐஸ் கட்டியைக் கடிக்க மட்டும் விடாதீர்கள்.

முதல் மூன்று நாள் குழைந்த சாப்பாடு: ரசம் சாதம், தயிர் சாதம், பொங்கல், பாலில் ஊறிய இடியாப்பம், இட்லி, அவித்த முட்டை, வாழைப்பழம். அதன் பிறகு பெரும்பாலும் எல்லாம் சாப்பிடலாம், கடிக்கிற விதம்தான் மாற வேண்டும். கொய்யா, ஆப்பிள், மாங்காயை முன்பல்லால் கடிக்காமல் மெல்லிய துண்டாக நறுக்கிக் கொடுங்கள். முருங்கைக்காயைப் பல்லால் இழுக்காமல் சதையைக் கரண்டியால் வழித்துக் கொடுங்கள். கம்பி இருக்கும் வரை அறவே விட வேண்டியவை முறுக்கு, சீடை, தட்டை, கரும்பு, கடலை மிட்டாய், ஜவ்வு மிட்டாய், எலும்பு கடிப்பது. பிராக்கெட் கழல்வதற்கு இவை ஒரு காரணம், பேனா மூடியைக் கடிக்கும் பழக்கம் இன்னொன்று. பின்னதைப் பெற்றோர் கவனிப்பதே இல்லை.

கன்னத்தின் உட்புறமும் உதடும் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். உரசும் இடத்துக்கு மெழுகு தருவார்கள். பலர் எச்சில் ஈரத்தின் மேலேயே வைத்துவிட்டு, நிற்கவில்லை என்பார்கள். முதலில் டிஷ்யூவால் பிராக்கெட்டைத் துடைத்துக் காய வையுங்கள். மிளகை விடச் சற்றுப் பெரிதாக மெழுகைக் கிள்ளி, விரலில் உருட்டிச் சூடாக்கி, பிராக்கெட்டின் மேல் அழுத்துங்கள். சாப்பிடும் முன் எடுத்துவிட வேண்டும், தவறி விழுங்கினாலும் ஆபத்தில்லை. புண் வந்தால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

பிராக்கெட் கழன்று கம்பியில் தொங்கினால் பிடுங்காதீர்கள், மெழுகு வைத்துவிட்டு மறுநாள் கிளினிக்குக்குப் பேசுங்கள். முழுதாக விழுந்தால் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். கம்பியின் முனை குத்தினால், பென்சிலின் சுத்தமான ரப்பர் முனையால் மெதுவாகப் பல் பக்கம் தள்ளிப் பார்க்கலாம். விழுங்கிய பிராக்கெட் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். ஆனால் இருமல் நிற்கவில்லை, மூச்சுத் திணறுகிறது, விழுங்க முடியவில்லை என்றால் பல் கிளினிக்குக்குப் போன் செய்துகொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.