வாவலும் பெங்குயினும்

நேத்து அந்திக்கு சாயா குடிச்சிட்டு முற்றத்துல நிக்கேன், எனக்க மவ மேல பாத்துட்டு "அப்பா, வாவல் பறக்குல்லா, அப்போ அது பறவதான?"ன்னு கேக்கா. இல்ல மக்ளே, அது குட்டி போட்டு பால் குடுக்குத சாதி, பறக்காத பெங்குயின்தான் பறவைன்னேன். "சும்மா புளுவாதீங்க"ன்னுட்டா.

அப்புறம் போன்ல ரெண்டையும் காட்டி, எம்பரர் பெங்குயின் 30 கிலோவுக்கு மேலயும் வரும், ஆனா இறக்கைய துடுப்பு மாதிரி வச்சு அண்டார்டிகா கடலுக்குள்ள 500 மீட்டருக்கும் கீழ முங்கும், நம்ம பழந்தின்னி வாவல் ரெண்டு கிலோ கூட தேறாது ஆனா றெக்கைய விரிச்சா நாலடிக்கு கூட வரும், அந்த றெக்கையே நீட்டமான விரலுக்கு இடையில உள்ள தோலுதான்னு சொல்லிட்டே போறேன், அவ கை விரல விரிச்சு விரிச்சு பாக்கா.

அவளுக்கு பிடிச்சது வேற. ஆண் எம்பரர் பெங்குயின் முட்டைய காலு மேல வச்சு ரெண்டு மாசத்துக்கு மேல ஒண்ணும் தின்னாம அடைகாக்கும், அம்மைக்காரி கடல்ல இருந்து வர லேட்டானா தொண்டையில ஊறுத தயிர் மாதிரி ஒண்ண குஞ்சுக்கு குடுக்கும். "அப்போ அப்பாவும் பால் குடுக்குமா?"ன்னு ஒரே சிரிப்பு. வாவல்ல குட்டிய நெஞ்சுல ஒட்டிட்டு பறக்கது அம்மைதான், அப்பன்காரன் சும்மா தலகீழா தொங்குவான்னு சொன்னதும் வீட்டுக்காரி அடுக்களையில இருந்து என்னைய ஒரு பார்வை பாத்தா.

ராத்திரி பூரா ஷீட்டு மேல டொம்மு டொம்முன்னு புன்னங்காய். காலைல பெறக்கிப் பாத்தா தோலு பூரா பல்லுத் தடம்.